ஓடக்கார சாமி விளக்கு

அரிசி புடைத்து முடித்த பிறகு, முறத்தில் மிஞ்சிய நொய்யை மெல்ல அசைத்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஒரு பங்குனி விடியலில், யாரும் முறத்தைத் தொடாத நேரத்தில், புன்னைமேட்டு மடத்து முற்றத்தில் கேட்டேன். தரையில் எங்கோ ஓரிடத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கமும் பரவியது. கேட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. இப்போதும் சில சமயம் காது தானாக அதைத் தேடுகிறது.

மடம் நாகைக் கரையில், மீனவர் குப்பத்தை ஒட்டி இருந்தது. அந்த வருஷம் நான் அங்கே தங்கிச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மடத்தின் கடலோர மூலையில் ஒரு செங்கல் கோபுரம். அதன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஐந்து திரி விளக்கு. ஓடக்கார சாமி ஏற்றியது. அவருடைய தம்பி ஓர் அமாவாசை இரவில் கரை எதுவென்று தெரியாமல் கடலிலேயே போய்விட்டான். அண்ணன் படகை விற்றுக் கோபுரம் கட்டினார். "அணைய விடாதே. இருட்டில் வருகிறவர் வழி தவறக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். விளக்கு அணையவில்லை. அந்தச் சித்திரையில் அதற்கு நூறு வயது நிறையவிருந்தது.

விளக்கைக் காத்தவர் மாசிலாமணி. ஓய்வுபெற்ற தாசில்தார், ஆரணிக்காரர், கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தமக்கு முன் விளக்கைக் காத்தவர் சாகும்போது அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து, இந்தப் பொறுப்பை வாங்கியிருந்தார். ஒரு புயல் இரவு முழுவதும் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து விளக்குக்குக் குடை பிடித்தார். விளக்கு பிழைத்தது. அவருக்கு நிமோனியா வந்தது.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மை. மாசிலாமணியைவிட இருபது வயதாவது இளையவர். எந்நேரமும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சீடர் என்று குழப்பமாக இருக்கும். அவர்களுக்கு இருந்ததில்லை.

அந்த விடியலில் மாசிலாமணி போட்ட கூச்சலில் காக்கைகள்கூட எழுந்துவிட்டன.

"அம்மா! எழுந்து வாங்க! தரிசனத்துக்கு வந்திருக்காங்க!"

அம்மை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இந்த நேரத்துலயா? யாரு, எண்ணெய் குடுக்கிற மில்காரரா?"

"ஆமை!"

முற்றம் முழுக்க ஆமைக் குஞ்சுகள். தீப்பெட்டியைவிடச் சிறியவை. கொஞ்சம் தீய்ந்துபோன வடையின் நிறம். சின்னத் துடுப்புகளால் தரையைத் துழாவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, எல்லாம் கோபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

மாசிலாமணியின் கண்களில் நீர். "கூர்மாவதாரம் அம்மா! நூறாவது வருஷம் பாத்து வந்திருக்கு. சாமியோட விளக்கைத் தேடிக் கடல்ல இருந்து ஏறி வந்திருக்கு!"

அம்மை குனிந்து ஒன்றைப் பார்த்தார். அது கோபுரத்தின் அடிச் செங்கல்லை முட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கடல் பக்கம் திருப்பி வைத்தார். அது மறுபடி திரும்பி, அதே செங்கல்லை முட்டியது.

"கடல்ல இருந்துதான் வந்துச்சா?"

"பின்ன?"

"தடம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

மாசிலாமணி டார்ச் அடித்துப் பார்த்தார். தடங்கள் அலை நனைத்த ஈரத்திலிருந்து வரவில்லை. மதிலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், உலர்ந்த மணலில் ஒரு குழி. அதிலிருந்து தொடங்கி, மதில் இடிந்திருந்த சந்து வழியாக உள்ளே வந்திருந்தன.

அவர் சற்று யோசித்தார். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். "கரையேறினதும் அங்க கொஞ்சம் இளைப்பாறியிருக்கும்" என்றார்.

அம்மை சிரித்துவிட்டார். பிறகு என்னிடம் முறத்தைக் கேட்டார். குஞ்சுகளை அதில் அள்ளிக்கொண்டு கடலோரம் போனார். நானும் போனேன். ஈர மணலில் விட்டதும், அவை ஒரு கணம் நின்றன. அலை வந்து தொட்டது. அவ்வளவுதான். பள்ளிக்கூட மணி அடித்ததுபோல் ஓடின.

முறத்தில் சில அசையாமல் கிடந்தன. அவற்றை அம்மை புன்னை மரத்தடியில் புதைத்தார்.

செய்தி அன்று மாலையே ஊரைச் சுற்றியது. மறுநாள் முதல் விடியலுக்கு முன்பே கூட்டம். மாசிலாமணி கயிறு கட்டி வரிசை பிரித்தார். பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம், ஆமைகள் நடுவில். துளசித் தீர்த்தம் தயாராக இருந்தது. சில நாள் ஆமை வரவில்லை. ஜனங்கள் தீர்த்தம் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் வந்தன. மாசிலாமணி மைக் இல்லாமலே உரத்த குரலில் அவதார மகிமை சொன்னார்.

வரிசையில் தங்கப்பொண்ணு நின்றிருந்தாள். குப்பத்தில் மீன் விற்கிறவள். மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி மதிலை அண்ணாந்து பார்த்தாள்.

"தாசில்தாரய்யா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அங்க வரிசையா உக்காந்திருக்கே காக்கா, அதுவும் தரிசனத்துக்குத்தான் வந்திருக்கா?"

கூட்டம் சிரித்தது. மாசிலாமணி மேலே பார்த்தார். மதில் நெடுக காக்கைகள். அவற்றில் ஒன்றின் அலகில் ஏதோ துடித்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். அன்று முறத்தில் அசையாமல் கிடந்தவை அதிகம்.

கூட்டம் கலைந்த பிறகு, அவர் அம்மையிடம் வந்தார். தங்கப்பொண்ணு சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது தரிசனம் இல்லை."

"அப்படியா?" என்றார் அம்மை.

"நூறு வருஷமா இதே விளக்குதான். இப்ப மட்டும் ஏன் வருது?"

அம்மை தங்கப்பொண்ணுவைப் பார்த்தார். "நீ வாழ வந்தப்போ இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"வெத்தலை போட்டுக்கிட்டுக் கெளம்பினா, மென்னு துப்புற நேரத்துக்கு அலைகிட்டப் போயிருப்போம். நடுவுல சவுக்குத் தோப்பு வேற. ஆமை பூராவும் தோப்புக்கு அந்தாண்டதான் முட்டை போடும். இந்த வெளக்கு அதுக்குத் தெரியவே தெரியாது."

"இப்ப?"

"இப்ப வெத்தலைய மடிக்கிறதுக்குள்ள காலு நனையுது." பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள். "தோப்பும் இல்ல, மணலும் இல்ல. பாவம், அதுவும் எங்கதான் போவும்? உங்க மதிலுக்கடியில வந்து போடுது. தை மாசம் இழுத்த தடம் பாத்தீங்களே, அது என்னான்னு நெனச்சீங்க?"

"யாரோ படகு இழுத்தாங்கன்னு நெனச்சேன்" என்றார் மாசிலாமணி.

"ஆமாமா. ராத்திரி வந்து, மதில்ல படகைக் கட்டிட்டுப் போயிட்டாங்க."

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "கடல் உயருதுன்னு பேப்பர்ல போடுறான். பூமி சூடாயிருச்சு, பனி உருகுதுன்னு."

"யாரு உருக்கினாங்களாம்?"

"எல்லாருந்தான்."

"நான் இல்லப்பா. நான் காசு குடுத்து ஐஸ் வாங்கி மீனுக்குப் போடுறவ."

அம்மை உரித்த கடலையை அவளிடம் நீட்டினார். "விளக்கு இருந்த இடத்துலயேதான் இருக்கு ஐயா. கடல்தான் நகர்ந்திருக்கு."

"அப்ப நம்ம மேல தப்பில்லை" என்றார் மாசிலாமணி. "கடல்தான் எல்லை மீறி வந்திருக்கு."

"அதானே!" என்றாள் தங்கப்பொண்ணு. "ஆக்கிரமிப்புன்னு ஒரு நோட்டீசு ஒட்டிட்டு வாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அம்மை சிரித்த சிரிப்பில் கடலைத் தோல் மடியெங்கும் பறந்தது. மாசிலாமணியும் சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

"குஞ்சுக்கு அவ்வளவு கண்ணு தெரியாதா அம்மா? எதிர்லதானே கடல் இருக்கு."

"நல்லாத் தெரியும். பொறந்ததும் எங்க வெளிச்சம் அதிகமோ அங்க போகும். இருட்டுல கடல்தான் வெளிச்சமா இருக்கும். உலகம் உண்டான நாள்லேருந்து அது பொய்த்ததில்லை."

மாசிலாமணி அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல், "அணைக்கமாட்டேன் அம்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நாள்ல நூறு வருஷம் நிறையுது. எனக்கு முன்னால எத்தனையோ பேர் காத்தது. என் கையில அணைஞ்சதுன்னு இருக்கக்கூடாது. செத்துப்போனவர் கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அணைக்கச் சொல்லி யார் சொன்னா?"

"வேற வழி பண்ணுறேன். கூடை வாங்குவோம். ஆள் போடுவோம். முறை வச்சு ராத்திரி முழுக்க நிப்போம். உள்ளே வர்ற குஞ்சை எல்லாம் அள்ளிக் கடல்ல விட்டுருவோம்."

"செய்யுங்க" என்றார் அம்மை.

செய்தார். மதிலில் இடிந்திருந்த இடத்தைக் கல் வைத்து அடைத்தார். குஞ்சுகள் மதிலோரமாகவே விளக்கைப் பார்த்து நின்றன. அங்கே ஆள் நிறுத்தினார். குப்பத்து இளவட்டங்கள் முதலில் ஆசையாக வந்தார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போனார்கள். கடைசியில் அவர் மட்டும் மிஞ்சினார். பகலில் விளக்குக்கு எண்ணெய், இரவில் ஆமைக்குக் காவல். கண்கள் மிளகாய்ப் பழம்போல் ஆயின. சோற்றில் கை வைத்தபடியே தூங்கினார்.

ஒரு நாள் விடிகாலையில், மதிலில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். காக்கைச் சத்தத்தில்தான் விழித்தார்.

அன்று நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சமையல்கட்டுக்குள் வந்து, அம்மைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு குஞ்சு. கழுத்து தொங்கியது.

"இருக்கிற கனமே தெரியலை அம்மா" என்றார்.

தங்கப்பொண்ணு கூடையை இறக்கிவைத்தாள். அன்று கேலி பேசவில்லை.

"விளக்குக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். இதுக்கு நான் ஒரு வாக்கும் கொடுக்கலை" என்றார். "ஆனா தூங்க முடியலை. இந்த ரெண்டுல நான் எதைக் காக்கணும்?"

அம்மை எழுந்தார். மூலையில் எங்கள் பெரிய மண்பானை இருந்தது, வாயகன்றது, குடிதண்ணீர்ப் பானை. தூக்க முடிகிறதா என்று அசைத்துப் பார்த்தார். தண்ணீர் தளும்பியது.

"கொஞ்சம் பிடி" என்றார் என்னிடம்.

நீரைப் புன்னைக்கு ஊற்றினோம். அம்மை பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோபுரப் படியேறினார். கண் தெரியாமல் இரண்டு படி இடறி, உள்ளேயிருந்து "அடடா" என்றார். அது பானைக்குள் கணீரென்று கேட்டது. மாசிலாமணி பதறிக்கொண்டு பின்னால் ஓடினார். நானும் ஏறினேன்.

மேலே போய், அம்மை கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவைத்தார். பானையை நிமிர்த்தி, அடியில் மணல் பரப்பினார். விளக்கை இரு கையாலும் எடுத்தார். சுடர்கள் ஆடின. மாசிலாமணி மூச்சு விடவில்லை.

விளக்கைப் பானைக்குள் இறக்கினார்.

"அம்மா!" என்று மாசிலாமணி கத்தினார். "குன்றின் மேலிட்ட விளக்கு அம்மா இது! குடத்துக்குள்ள வைக்கிறதா? ஊர் சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். ஊர் சிரிச்சு நாளாச்சு."

"படகுக்காரங்க என்ன பண்ணுவாங்க? கரை தெரிய வேண்டாமா?"

கீழிருந்து தங்கப்பொண்ணு குரல் கொடுத்தாள். "எம் மவன் போனைப் பாத்துக்கிட்டே வூட்டு வாசலுக்கு வந்துருவான். உங்க வெளக்கை யாரு சார் பாத்தா, இத்தினி வருசமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாசிலாமணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். புயலில் குடை பிடித்தவர். முகம் சின்னதாகிவிட்டது.

"யாருமேவா?" என்று கீழே பார்த்துக் கேட்டார்.

"நீங்க ஏத்துறது எங்களுக்குப் பிடிக்கும் சார்" என்றாள் அவள் மெதுவாக. "தெனமும் பாப்போம். ஆனா வழிக்குப் பாக்குறது இல்ல."



"ஒருத்தங்க பாத்தாங்களே" என்றார் அம்மை.

"யாரு?"

அம்மை அவருடைய கையைத் தொட்டார். மாசிலாமணி இன்னும் அந்தக் குஞ்சைக் கீழே வைக்கவில்லை.

"உங்க விளக்கை நம்பி வழி நடந்தவங்க இவங்க மட்டும்தான் ஐயா."

மாசிலாமணி பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஐந்து சுடரும் நேராக நின்று எரிந்தன. பானைக்குள் காற்று இல்லை. அவர் முகம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. எண்ணெய்க் கிண்ணியை எடுத்துக் கொஞ்சம் ஊற்றினார். பிறகு இறங்கிவந்து, குஞ்சைப் புன்னையடியில் புதைத்தார்.

அன்றிரவு அவர் தூங்கினார். அவர் குறட்டையில் நான் தூங்கவில்லை.

நூற்றாண்டு விழா நாள் வந்தது. மடத்துக்கு எண்ணெய் உபயம் கொடுக்கும் அரிசி மில்காரர் வைத்தியலிங்கம்தான் தலைமை விருந்தினர். காலையிலேயே சவுண்டு சர்வீஸ் வண்டி வந்தது. சீரியல் லைட், டியூப் லைட், வாழைத்தண்டு மாதிரி வளைகிற லைட்.

"மைக்கை இறக்குப்பா. லைட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போ" என்றார் மாசிலாமணி.

"சார், ராத்திரி விழா சார்."

"தெரியும்."

"விளக்குக்கு நூறு வருஷம்னு போஸ்டர் போட்டிருக்கீங்க சார்."

"அதுவும் தெரியும்."

வண்டிக்காரன் அம்மையைப் பார்த்தான். அம்மை கடலையை வாயில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார்.

விழா இருட்டில் நடந்தது. நிலா இல்லை. ஜனங்கள் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். யாரோ யாருடைய மடியிலோ உட்கார்ந்தார்கள். ஒருவர் பாயசத்தை இன்னொருவர் குடித்துவிட்டார். மாசிலாமணி பொன்னாடையைத் தலைமை விருந்தினருக்குப் போர்த்தி, கைகுலுக்கி, நாலு வார்த்தை புகழ்ந்தும் முடித்தார். "சார், நான் மைக்செட்டு" என்றது இருட்டு. முற்றம் குலுங்கியது. மில்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எங்களுக்கெல்லாம் கேட்டது.

விளக்கைப் பார்க்க ஒவ்வொருவராகப் படியேறினார்கள். "எட்டிப் பாருங்க, எட்டிப் பாருங்க" என்று மாசிலாமணி ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துக் குனியவைத்தார். பானைக்குள் குனிந்து நிமிர்ந்தவர்கள் ஏனோ தணிந்த குரலில் பேசினார்கள்.

பிறகு ஒன்று நடந்தது. யாரும் சொல்லவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பினார்கள். நானும் திரும்பினேன். கடல் வெளுத்திருந்தது. விளிம்பில் அலை உடையும் ஒவ்வொரு முறையும் ஒரு நீளமான வெளிச்சம் எழுந்து அடங்கியது. அவர்களில் பலர் அந்தக் கரையிலேயே பிறந்தவர்கள்.

மில்காரர்தான் முதலில் பேசினார்.

"எல்லாம் சரி. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. இந்த எண்ணெய் எங்க தாத்தா காலத்துலேருந்து நாங்க கொடுக்கிறது. ஓடக்கார சாமி இந்த விளக்கை மனுஷனுக்கு வச்சாரா, ஆமைக்கு வச்சாரா?"

மாசிலாமணி எழுந்தார். அம்மை இருந்த பக்கம் திரும்பினார்.

அப்போது மதிலுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. முறத்தில் நொய். இந்த முறை முற்றத்துக்குள் வரவில்லை. மணலில் மெல்லத் தொடங்கி, கடல் பக்கம் போய், தேய்ந்தது. நாற்காலி ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை.

அலை ஒன்று வந்து திரும்பிய பிறகு, அம்மை சொன்னார்:

"இருட்டில் வருகிறவருக்கு."

மாசிலாமணி அதன்பின் பல ஆண்டுகள் விளக்கைக் காத்தார். கோபுரத்தைக் கடல் கொண்டுபோன ஐப்பசியில், எரியும் பானையைத் தலையில் சுமந்துகொண்டு சாலைக்கு மேற்கே போய், ஒரு கீற்றுக் கொட்டகையில் குடியேறினார். அங்கேதான் இறந்தார். அன்று மாலை விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவள் தங்கப்பொண்ணு.